நம் கிணறும் அண்டை வீட்டுத் தொட்டியும்

ஐப்பசி மாதம் பிறந்துவிட்டால் சென்னைக்கு மேற்கே குடியிருப்போருக்கு மனத்தில் ஒரு கலக்கம் உண்டாகிறது. வானம் கறுத்தால் ஏரி நிரம்பும், பயிர் தழைக்கும் என்று மகிழ்ந்த காலம் ஒன்று இருந்தது. இன்று வானம் கறுத்தால், கீழ்த்தளத்துச் சாமான்களை எங்கே ஏற்றி வைப்பது என்பதே பேச்சு. அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி என்று நீளும் இந்தப் புறநகர்ப் பிரதேசத்தில், ஏரிக்கும் ஆற்றுக்கும் வாய்க்காலுக்கும் நடுவே வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். ஆகவே இந்தக் கவலை வீண் கவலை என்று சொல்வதற்கில்லை.

வெள்ளம் வந்த பிறகு நம்மவர்கள் செய்யும் தொண்டுக்குக் குறைவில்லை. 2015-ஆம் வருஷத்தில் தங்கள் படகுகளைத் தெருவுக்குள் ஓட்டி வந்து முன்பின் அறியாதவர்களைக் கரை சேர்த்த மீனவர்களையும், இரவு பகலாகச் சோற்றுப் பொட்டலம் கட்டிய வாலிபர்களையும் ஜனங்கள் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. ஆனால் படகும் பொட்டலமும் வெள்ளத்துக்குப் பின் வரும் தொண்டு. வெள்ளத்துக்கு முன், மழையில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமையில் செய்ய வேண்டிய தொண்டு ஒன்று இருக்கிறது. அதில் புகழ் இல்லை. புகைப்படம் எடுக்க யாரும் வரமாட்டார்கள். அது கக்கூஸ், கிணறு, சாக்கடை, மின்சாரப் பெட்டி ஆகியவற்றைப் பற்றியது. அதைப் பற்றியே இன்று எழுத விரும்புகிறோம்.

2015-இல் நடந்ததைச் சற்று நினைவுபடுத்திக்கொள்வோம். அந்த நவம்பரில் மட்டும் சென்னையில் 1,049 மில்லிமீட்டர் மழை பெய்தது. 1918-ஆம் வருஷத்து நவம்பருக்குப் பிறகு அவ்வளவு மழையை நகரம் கண்டதில்லை. பிறகு டிசம்பர் 2-ந் தேதி காலையோடு முடிந்த ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டரும் செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டரும் கொட்டிற்று. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அடையாற்றில் விநாடிக்கு 29,000 கன அடி வரையில் தண்ணீர் திறந்து விடப்பட்டது. விமான நிலையம் நாள்கணக்கில் மூடிக் கிடந்தது. 1878 முதல் நடந்துவரும் ‘ஹிந்து’ பத்திரிகை டிசம்பர் 2-ந் தேதி சென்னையில் அச்சாகவில்லை. அதன் சரித்திரத்தில் அது முதல் தடவை என்றார்கள். பத்திரிகைத் தொழிலில் இருக்கும் நமக்கு, அன்றைய நிலைமையின் கடுமையை உணர்த்த இந்த ஒரு செய்தியே போதும்.

இவையெல்லாம் பலரும் அறிந்தவை. வீட்டுக்குள் நடந்தது என்ன என்பதைத்தான் அவ்வளவாக யாரும் எழுதவில்லை. முதலில் மின்சாரம் நின்றது. மின்சாரம் நின்றதும் ஆழ்துளைக் கிணற்றின் மோட்டார் நின்றது. மோட்டார் நின்ற சில மணி நேரத்தில் மாடித் தொட்டி காலியாயிற்று. குழாயில் தண்ணீர் இல்லாமற் போகவே கக்கூஸில் ஊற்றத் தண்ணீர் இல்லை. அதே வேளையில் வெளியில் நின்ற வெள்ளம் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கி, அங்கே இருந்ததை மேலே தள்ளிற்று. அது கீழ்த்தளத்துக் கக்கூஸின் வாய் வழியாகவே வீட்டுக்குள் வந்தது. சாலை துண்டிக்கப்பட்டதால் குடிதண்ணீர் கேன் வண்டி வரவில்லை. தண்ணீர் லாரியும் வரவில்லை. சுற்றிலும் இடுப்பளவு தண்ணீர். குழந்தைக்குப் பால் கரைக்க ஒரு டம்ளர் நல்ல தண்ணீர் இல்லை. ஒன்று அறுந்ததும் அடுத்தடுத்து எல்லாம் அறுந்த இந்தச் சங்கிலியை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். அதன் முதல் கண்ணி அறுவதற்கு வெள்ளம்கூட வேண்டியதில்லை. அடுத்த வருஷமே, 2016 டிசம்பர் 12-ந் தேதி, வர்தா புயல் வந்தது. அது மழையைவிடக் காற்றினால் கெடுத்தது. மரங்களும் மின்கம்பங்களும் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. தெருவில் வெள்ளம் இல்லாத பேட்டைகளிலும் மின்சாரம் நாள்கணக்கில் வராமல், மேலே சொன்ன துன்பமெல்லாம் வரிசையாக வந்தன.

இனி நூம்பலுக்கு வருவோம். திருவேற்காடு நகராட்சியைச் சேர்ந்த இந்த ஊர், பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையில் வேலப்பன்சாவடிக்கும் வானகரத்துக்கும் அருகே இருக்கிறது. திருவேற்காட்டைத் தொட்டுக்கொண்டு கூவம் ஓடுகிறது. கோலடி ஏரியும் அயனம்பாக்கம் ஏரியும் தொலைவில் இல்லை. நகரத்தில் கூவம் என்றால் மூக்கைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஆனால் மேற்கே அது மழைக்காலத்தில் மெய்யான ஆறு. ஜமீன் கொரட்டூர் அணைக்கட்டில் அந்த ஆற்றின் தண்ணீரைக் கால்வாய் வழியே செம்பரம்பாக்கம் ஏரிக்குத் திருப்ப ஏற்பாடு உண்டு. ஏரி நிரம்பிவிட்டால் திருப்ப இடமில்லை. அப்போது வெள்ளம் முழுவதும் திருவேற்காடு, வானகரம், மதுரவாயல் வழியேதான் வந்தாக வேண்டும். செம்பரம்பாக்கம் அடையாற்றின் விவகாரம், கூவத்தங்கரையில் இருக்கும் நமக்கு அதைப் பற்றி என்ன என்று எவரேனும் நினைத்தால், இதை அவர்கள் யோசித்துப் பார்க்கட்டும்.

ஆற்று வெள்ளத்தைவிட அருகில் இருக்கும் அபாயம் ஒன்று உண்டு. அதற்குக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

குடிநீர்க் கிணற்றுக்கும் கழிவுநீர்த் தொட்டிக்கும் நடுவே குறைந்தது 50 அடி, அதாவது 15 மீட்டர், இடைவெளி வேண்டும் என்பது சுகாதார சாஸ்திரம் படித்தவர்கள் சொல்லும் விதி. நம் புறநகரில் மனையைக் கிரவுண்டுக் கணக்கில் விற்கிறார்கள். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. சாமானிய உத்தியோகஸ்தர் வாங்குவதோ அரைக் கிரவுண்டு. நாற்பதடி நீளம், முப்பதடி அகலம். அதன் ஒரு மூலையில் கிணற்றையும் நேர் எதிர்மூலையில் தொட்டியையும் வைத்தால், குறுக்கே அளந்தால் சரியாக 50 அடி வருகிறது. விதி நிறைவேறிவிட்டது! வீட்டுக்காரரும் திருப்தியாக இருக்கிறார். ஆனால் மூலையில் வைத்த தொட்டி மதில் சுவரை ஒட்டி நிற்கிறது. மதிலுக்கு அப்புறம் அண்டை வீட்டுக்காரர் தம் மனையின் மூலையில் கிணறு எடுத்திருக்கிறார். இரண்டுக்கும் நடுவே பத்தடிகூட இல்லை. அவருடைய தொட்டியோ மூன்றாம் வீட்டுக் கிணற்றின் பக்கத்தில் இருக்கிறது. இப்படியே தெரு முழுவதும் ஒருவர் தொட்டி மற்றொருவர் கிணற்றுக்குக் காவல் நிற்கிறது.

கோடையில் நிலத்தடி நீர் ஆழத்தில் இருப்பதால், இடையிலுள்ள மண் ஓரளவு வடிகட்டிக் கொடுக்கிறது. கார்த்திகையில் நிலத்தடி நீர் தரைமட்டத்துக்கு ஏறிவிடுகிறது. அப்போது உறிஞ்சு குழி எதையும் உறிஞ்சுவதில்லை. தொட்டியில் உள்ளதும் கிணற்றில் உள்ளதும் ஒரே ஜலமாகிவிடுகின்றன. கண்ணுக்குத் தெரியும் வெள்ளம் வருவதற்கு முன்னமேயே, கண்ணுக்குத் தெரியாத இந்த வெள்ளம் வந்துவிடுகிறது. பேதி, டைபாயிட், காமாலை முதலியவை மழைக்குப் பின் தெருத்தெருவாக வருவதன் காரணங்களுள் இது முக்கியமானது. ஒரு வீட்டுக்காரர் தம் வீட்டை எவ்வளவு சுத்தமாக வைத்திருந்தாலும், தெரு சுத்தமாக இல்லாவிட்டால் அவருக்குப் பயன் இல்லை. ஆபத்துக்கு ஆயத்தம் செய்வதில் வீடு ஒரு அளவே அல்ல, தெருவே அளவு. இக்கட்டுரையில் நாம் வற்புறுத்த விரும்புவது இதுவே.

கக்கூஸைப் பற்றிப் பத்திரிகையில் எழுதுவதா என்று முகம் சுளிப்பவர்கள் இருக்கலாம். அவர்களுக்கு ஒரு பழைய செய்தி சொல்வோம். 1896-இல் பம்பாயில் பிளேக் நோய் பரவியபோது ராஜகோட்டையிலும் பீதி உண்டாயிற்று. அப்போது காந்திஜி தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்திருந்தார். சுகாதாரக் கமிட்டியில் சேர்ந்து அவர் கேட்டு வாங்கிக்கொண்ட வேலை, வீடுவீடாகப் போய்க் கக்கூஸ்களைப் பார்வையிடுவது. பணக்காரர்கள் வீட்டில் நாற்றம் தாங்கவில்லை என்றும், தீண்டப்படாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களுடைய சேரி சுத்தமாக இருந்தது என்றும் தம் சுயசரிதையில் அவர் எழுதியிருக்கிறார். 1901-இல் கல்கத்தாக் காங்கிரஸில் பிரதிநிதிகளின் கக்கூஸ் இருந்த நிலையைக் கண்டு, தாமே துடைப்பம் எடுத்துச் சுத்தம் செய்ததும் அதே புத்தகத்தில் இருக்கிறது. மகாசபையில் தீர்மானம் கொண்டுவந்தவருக்கு இந்த வேலை கௌரவக் குறைவாகத் தோன்றவில்லை. நம் வட்டாரத்துப் பொதுத் தொண்டர்களுக்கு மட்டும் ஏன் தோன்ற வேண்டும்?

வெளிநாட்டு அனுபவமும் இதையே சொல்கிறது. 1995 ஜனவரி 17-ந் தேதி ஜப்பானில் கோபே நகரம் பூகம்பத்தில் சிதைந்தபோது, உயிர் பிழைத்தவர்களை முதலில் வாட்டிய கஷ்டங்களுள் ஒன்று கக்கூஸில்லாக் கஷ்டம். அதற்குப் பிறகு அந்நாட்டார் பூங்காக்களிலும் பள்ளிகளிலும், தெருச் சாக்கடையின் ஆள்துளை மூடியைத் திறந்து அதன் மேலே கூடாரம் நிறுத்தி அவசரக் கக்கூஸாக்கிக்கொள்ள முன்கூட்டியே ஏற்பாடு செய்து வைத்தார்கள். 2011 பிப்ரவரியில் நியூஸீலந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் பூகம்பத்தால் சாக்கடைக் குழாய்கள் உடைந்து போயின. அங்கே நல்ல வசதியுள்ள குடும்பங்கள்கூடத் தோட்டத்தில் குழி தோண்டிக்கொண்டன. நகரசபை பல்லாயிரக்கணக்கில் இரசாயனக் கக்கூஸ்களை வீடுகளுக்கு வழங்க வேண்டியிருந்தது. பணமும் விஞ்ஞானமும் மிகுந்த நாடுகளிலேயே நிலைமை இது.

நம் தெருவில் என்ன செய்யலாம்? மழைக்கு ஒரு மாதம் முன்னால் தெருவிலுள்ள தொட்டிகளில் எவை நிரம்பியிருக்கின்றன என்று பார்க்க வேண்டும். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு முறை வண்டல் எடுக்க வேண்டும் என்பது விதி. பத்து வருஷமாகத் திறக்கப்படாத தொட்டிகளும் உண்டு. தனித்தனியே லாரி அழைப்பதைவிடத் தெருவாரெல்லாரும் சேர்ந்து அழைத்தால் செலவும் குறையும், வேலையும் ஒழுங்காக நடக்கும். நிலத்தடி நீர் ஏறிய பிறகு, அடைமழையின் நடுவில், தொட்டியை அடியோடு காலி செய்வது புத்திசாலித்தனம் அல்ல. வெறுந்தொட்டி, முக்கியமாகப் பிளாஸ்டிக் தொட்டி, நிலத்தடி நீரின் அழுத்தத்தால் மேலே எழும்பிக் குழாய்களை முறித்துவிடும். ஆகையால்தான் முன்னதாகவே என்று சொல்கிறோம். கழிவுக் குழாயில் தண்ணீர் எதிர்த்து வராமல் தடுக்கும் வால்வு ஒன்றைக் கொத்தனாரைக் கொண்டு பொருத்தலாம். அதற்கு வசதியில்லாதவர்கள், வெள்ளம் ஏறும்போது கீழ்த்தளத்துக் கக்கூஸின் வாயையும் குளியலறைச் சாக்கடை வாயையும் மணல் மூட்டையால் அடைத்துவிட வேண்டும். வால்வு வைத்தாலும் மூட்டை வைத்தாலும், அடைத்திருக்கும் வரையில் மாடியில் இருப்பவர்கள் அந்தக் குழாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஊற்றினால் போக வழியில்லாமல் கீழ் வீட்டில்தான் வந்து நிற்கும்.

அடைத்த பிறகு என்ன செய்வது? மூடியுள்ள இரண்டு வாளிகள் போதும். ஒன்று மலத்துக்கு, மற்றொன்று சிறுநீருக்கு. இரண்டையும் பிரித்துவிட்டால் நாற்றம் பெரும்பாலும் அடங்கிவிடும். மல வாளியினுள் கெட்டியான உறை ஒன்றைப் போட்டு, ஒவ்வொரு தடவையும் மேலே சாம்பலோ சுண்ணாம்போ மரத்தூளோ தூவ வேண்டும். மரவாடியில் ஒரு மூட்டை மரத்தூள் முன்கூட்டியே வாங்கி வைத்தால் ஒரு தெருவுக்கே ஆகும். இந்த ஏற்பாடு யாருக்கும் பிரியமானதாக இராது. ஆனால் வேறு வழியில்லாத போது நம் தாய்மார்கள் என்ன செய்கிறார்கள் என்பதை ஆண்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். பகலெல்லாம் தண்ணீரே குடிக்காமல் இருந்து, இருட்டும் வரையில் அடக்கிக்கொள்கிறார்கள். மாதவிலக்கு நாட்களில் அவர்கள் படும் பாட்டைச் சொல்லவும் கூசுகிறார்கள். பள்ளிக்கூடத்தில் நிவாரண முகாம் அமைப்பவர்கள் அரிசியைப் பற்றி விசாரிப்பதற்கு முன், தாழ்ப்பாளுள்ள கக்கூஸ் எத்தனை என்று விசாரிக்கட்டும். இருபது பேருக்கு ஒன்று என்பது சர்வதேச நிவாரண ஸ்தாபனங்கள் வகுத்துள்ள அளவு.

இங்கே ஒரு கடுமையான எச்சரிக்கை செய்ய வேண்டியிருக்கிறது. மழை நெருங்கிவிட்டது, லாரி கிடைக்கவில்லை என்று அவசரப்பட்டு, கூலிக்கு ஓர் ஆளைத் தொட்டிக்குள் இறக்கும் கொடுமை நம் ராஜ்யத்தில் இன்னும் அடியோடு ஒழியவில்லை. மூடிய தொட்டியில் சேரும் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் விஷவாயு, உள்ளே இறங்கியவனை மூச்சுவிடும் நேரத்தில் வீழ்த்திவிடும். அவனைத் தூக்க இறங்குகிறவனும் உடன் மாள்கிறான். இவ்வேலைக்கு மனிதனை அமர்த்துவதை 2013-ஆம் வருஷத்துச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. இப்படி இறந்தவர்களின் குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டுமென்று 2014 மார்ச் 27-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. 2023 அக்டோபர் 20-ந் தேதி அத்தொகையை முப்பது லட்சமாக உயர்த்தியது. நஷ்டஈட்டை உயர்த்த வேண்டிய அவசியம் ஏற்படுவதே வெட்கக்கேடு. எந்தத் தெருவில் ஒரு மனிதன் தொட்டிக்குள் இறக்கப்படுகிறானோ, அந்தத் தெருவில் குடியிருக்கும் பொதுத் தொண்டர் அதைத் தடுக்காமல் இருந்தால், அவர் மேடையில் பேசும் சமத்துவத்துக்கு என்ன மதிப்பு?

லாரி எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறது என்பதையும் கேட்க வேண்டும். சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகாமல் இரவோடு இரவாக வாய்க்காலிலும் ஆற்றிலும் கொட்டுகிற லாரிகள் உண்டு. காசு கொடுத்து வெளியே அனுப்பிய அசுத்தம் வெள்ளத்தோடு காசில்லாமலே நம் வீடு திரும்புகிறது.

குடிதண்ணீர் விஷயம் இதைவிடச் சுலபம். பயிற்சிதான் வேண்டும். ஆபத்துக் காலத்தில் ஆளுக்கு நாளொன்றுக்குக் குடிக்க மூன்று லிட்டர், மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பதினைந்து லிட்டர் என்று கணக்கு வைத்துக்கொண்டால், ஐந்து பேருள்ள குடும்பத்துக்கு மூன்று நாளைக்கு 225 லிட்டர் தேவை. அதில் குடிப்பதற்கு 45 லிட்டர். அதாவது இரண்டு கேனும் ஒரு குடத்தில் பாதியும். புயல் எச்சரிக்கை வந்த அன்றே மாடித் தொட்டியை நிரப்பி, வீட்டிலுள்ள அண்டா, குண்டான், வாளி எல்லாவற்றிலும் பிடித்து மூடி வைத்துவிட்டால் பெரும்பாலான வீடுகளுக்கு இது எட்டாத அளவல்ல. நிலத்துக்குள் கட்டியுள்ள ‘சம்ப்’ தொட்டியை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. அதன் மூடி தரைமட்டத்தில் இருந்தால் முதல் வெள்ளத்திலேயே அது கெட்டுவிடும். மூடியைச் சுற்றி ஒன்றரை அடிக்குச் செங்கல் கட்டி உயர்த்துவது கொத்தனாருக்கு ஒரு நாள் வேலை. ஆழ்துளைக் கிணற்றின் குழாய் வாயையும் அப்படியே உயர்த்தி மூட வேண்டும்.

காய்ச்சிக் குடிப்பது எல்லாவற்றிலும் சிறந்தது. நன்றாகக் கொதி வந்த பிறகு ஒரு நிமிஷம் கொதித்தால் போதும். ஆனால் வெள்ளத்தில் கியாஸ் தீர்ந்துவிட்டால் அடுத்த சிலிண்டர் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. மண்ணெண்ணெய் அடுப்போ பெரும்பாலான வீடுகளை விட்டே போய்விட்டது. ஆகையால் பிளீச்சிங் பவுடரின் கணக்கை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். தெளிந்த தண்ணீர் ஆயிரம் லிட்டருக்கு நல்ல பவுடர் இரண்டரை கிராம் போதும். ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, அடியில் சுண்ணாம்பு படிந்த பின் மேல் தெளிவை மட்டும் கிணற்றில் விட்டு நன்றாகக் கலக்கி, ஒரு மணி நேரம் பொறுத்துப் பயன்படுத்த வேண்டும். மூன்றடி அகலமுள்ள உறைக்கிணற்றில் பத்தடித் தண்ணீர் இருந்தால் அது சுமார் இரண்டாயிரம் லிட்டர்; ஐந்து கிராம் பவுடர் போதும். வெள்ளம் புகுந்த கிணற்றுக்கு இந்தக் கணக்கு செல்லாது. அதை முழுவதும் இறைத்து, சுவரைத் தேய்த்துக் கழுவி, புதிதாக ஊறிய தண்ணீரில் இதைப்போல் பல மடங்கு பவுடர் இட்டு, ஓர் இரவு விட்டு, மறுபடி இறைத்த பின்பே உபயோகிக்கலாம். பவுடர் காற்றுப்பட்டால் வீரியம் இழந்துவிடும். போன வருஷத்துப் பொட்டலத்தை நம்ப வேண்டாம். கக்கூஸ் கழுவும் ஆசிட்டோடு அதை ஒருபோதும் கலக்கக் கூடாது. கலந்தால் உயிருக்கே உலை வைக்கும் வாயு கிளம்பும்.

இவ்வளவு சிறிய விஷயத்துக்கு இவ்வளவு பெரிய பலன் உண்டா என்று கேட்பவர்களுக்கு நாகப்பட்டினத்தைக் காட்டுவோம். 2004 டிசம்பர் 26-ந் தேதிச் சுனாமியில் தமிழ்நாட்டில் மிக அதிகமான உயிர்களைப் பறிகொடுத்த ஜில்லா அது. பிணங்களும் இடிபாடுகளும் நிறைந்த அவ்விடத்தில் காலரா வந்து மீதிப் பேரையும் கொண்டுபோகும் என்று பயந்தார்கள். அப்படிப் பெரிய கொள்ளைநோய் எதுவும் பரவவில்லை. சுகாதார ஊழியர்கள் முகாம் முகாமாகப் போய்க் குடிதண்ணீரில் குளோரின் கலந்ததும், தினந்தோறும் சோதித்ததும் அதற்கு முக்கிய காரணங்கள். அதற்கு எழுபது வருஷத்துக்கு முன், 1934 ஜனவரி 15-ந் தேதி பீஹார் பூகம்பத்தில், பூமி வெடித்து மணலைக் கக்கி ஆயிரக்கணக்கான கிணறுகளைத் தூர்த்துவிட்டது. ராஜேந்திர பிரசாத் தலைமையில் கூடிய நிவாரணக் கமிட்டித் தொண்டர்கள் முன்னின்று செய்த வேலைகளுள் கிணறு தூர் எடுப்பதும் ஒன்று. அன்று மண்வெட்டி எடுத்தவர்கள் சிறையிலிருந்தும் மறியலிலிருந்தும் வந்த அரசியல் தொண்டர்கள் என்பதை இன்றைய தொண்டர்கள் கவனிக்கட்டும்.

கிணறு என்றதும் கைப்பம்பைப் பற்றி ஒரு வார்த்தை. ‘இந்தியா மார்க் 2’ என்ற பெயரில் உலகத்தின் பல நாட்டுக் கிராமங்களுக்கும் போயிருக்கும் அடிபம்பு 1970-களில் உருவாயிற்று. ‘யுனிசெஃப்’ ஸ்தாபனத்தோடு சேர்ந்து அதை ஆரம்பத்தில் தயாரித்தது சென்னையிலிருந்த ரிச்சர்ட்சன் அண்டு குருடாஸ் தொழிற்சாலை. ஆப்பிரிக்காக் கிராமத்துப் பெண் இன்றும் அதில் தண்ணீர் அடிக்கிறாள். அதை உலகுக்குக் கொடுத்த நகரத்தின் புறநகரிலோ, தெருமுனைப் பம்பு கைப்பிடி உடைந்து துருப்பிடித்து நிற்கிறது. அல்லது பிடுங்கி எறியப்பட்டிருக்கிறது. மின்சாரம் நின்றால் தண்ணீரும் நிற்கும் என்ற சங்கிலியை அறுக்கக் கூடிய சாதனம் இது ஒன்றுதான். தெருவுக்கு ஒன்றாவது உயர்ந்த மேடையில் இருக்கும்படி செய்து, மழைக்கு முன் ‘வாஷர்’ மாற்றி வைக்க நகராட்சிக்கு எவ்வளவு செலவாகிவிடும்?

மின்சாரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சொல்வதை மட்டும் தவறாமல் செய்ய வேண்டும். மீட்டர்ப் பெட்டியும் பிரதான ஸ்விட்சும் முழங்கால் உயரத்தில் இருந்தால், உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனைக் கொண்டு தலை உயரத்துக்கு ஏற்ற வேண்டும். மின்கசிவு ஏற்பட்ட கணமே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி வீட்டில் இல்லாவிட்டால் உடனே பொருத்த வேண்டும். தண்ணீர் வாசற்படி ஏறும் முன்பே பிரதான ஸ்விட்சை அணைத்துவிட வேண்டும். ஏறிய பின் அதில் நின்றுகொண்டு தொடக் கூடாது. தரையில் வைத்த இன்வெர்ட்டர் பாட்டரியை மேலே ஏற்ற வேண்டும். வெள்ளம் வடிந்த பிறகு, பழக்கப்பட்டவர் பார்த்துச் சொல்லும் வரையில் மோட்டாரைப் போடக் கூடாது. வெள்ளத்தில் தப்பித்து, வடிந்த மறுநாள் மோட்டார் ஸ்விட்சில் உயிர்விடுவது எவ்வளவு பரிதாபம்! கியாஸ் சிலிண்டர் வெள்ளத்தில் மிதக்கும். ரெகுலேட்டரை மூடிக் கழற்றிவிட்டுச் சிலிண்டரைச் சங்கிலியால் ஜன்னல் கம்பியோடு கட்டி வைக்க வேண்டும்.

“இதெல்லாம் சர்க்கார் செய்ய வேண்டிய வேலை அல்லவா? வரியும் கட்டிவிட்டு வாளியும் தூக்க வேண்டுமா?” என்று சிலர் கேட்பார்கள். கேள்வி நியாயமானதே. 2015 வெள்ளத்தைப் பற்றி 2018-இல் சட்டசபையில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கை, அது மனிதர்கள் வரவழைத்த ஆபத்து என்ற முடிவுக்கே வந்தது. ஏரியில் மனை போட அனுமதித்தவர்களும், வாய்க்காலை அடைத்துக் கட்டியவர்களும், கண்ணை மூடிக்கொண்டிருந்த அதிகாரிகளும் ஜவாப் சொல்லித்தான் ஆக வேண்டும். ஜனங்கள் வாளியும் மரத்தூளும் சேர்த்து வைத்துக்கொள்வதால் அந்த ஜவாப்தாரி எவருக்கும் குறைந்துவிடாது. உண்மையில், தன் தெருவில் எத்தனை தொட்டி, எத்தனை கிணறு, எத்தனை அடிபம்பு என்று கையில் கணக்கு வைத்திருப்பவன் கேட்கும் கேள்விக்குத்தான் அதிகாரிகள் பயப்படுவார்கள். வெறும் கூச்சலுக்கு அவர்கள் பழகிப்போனவர்கள்.

கேட்பதற்கு இடமும் இருக்கிறது. நகரப் பகுதிகளில் வார்டு கமிட்டியும் ஏரியா சபையும் அமைக்க 2022-இல் விதிகள் வகுக்கப்பட்டன. அவ்வருஷம் நவம்பர் 1-ந் தேதி ஏரியா சபைகள் முதன்முதலாகக் கூட்டப்பட்டன. நவம்பர் முதல் தேதி என்பது வடகிழக்குப் பருவமழை தொடங்கிப் பத்து நாள் ஆன பிறகு. அப்போது கேட்டால் “அடுத்த வருஷம் பார்ப்போம்” என்ற பதிலே கிடைக்கும். ஆவணியிலேயே கூட்டம் கேட்டு எழுத வேண்டும். தூர் எடுத்த வாய்க்காலைத் தொண்டர்கள் நேரில் நடந்து பார்க்க வேண்டும். எடுத்த தூரை வாய்க்கால் கரையிலேயே குவித்துவிட்டுப் போனால், முதல் மழை அதைத் திரும்ப உள்ளே தள்ளிவிடும். பில் மட்டும் பட்டுவாடாவாகிவிடும்.

நூம்பலிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் உள்ள வாலிபர் சங்கங்களுக்கும் குடியிருப்போர் சங்கங்களுக்கும், எந்தக் கட்சியைச் சேர்ந்த தொண்டர்களானாலும் அவர்களுக்கும், நாம் சொல்வது இதுதான். இரண்டு பேர் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு ஒரு தெருவை நடந்து பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். எந்த வீட்டுத் தொட்டி எந்த வீட்டுக் கிணற்றுக்கு அருகில் இருக்கிறது, எந்த ‘சம்ப்’ மூடி தாழ்ந்திருக்கிறது, எந்த மாடியில் பத்துப் பேர் தங்க இடமும் கக்கூஸும் இருக்கின்றன, படுக்கையிலிருக்கும் வயோதிகர் எங்கே, பிரசவ காலம் நெருங்கியவர் எங்கே, தினம் மருந்து ஊசி வேண்டியவர் எங்கே என்று எழுதிக்கொள்ளலாம். மனை வாங்கியவர்கள் வீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாமல், கீழ்த்தளத்தில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருப்பவர்களையும், கட்டடம் கட்டுமிடத்தில் தகரக் கொட்டகையில் குடும்பத்தோடு தங்கியிருக்கும் வடநாட்டுத் தொழிலாளர்களையும் சேர்த்து எழுத வேண்டும். அவர்களுக்கு மாடித் தொட்டியும் இல்லை, மாடியும் இல்லை. வெள்ள எச்சரிக்கையை அவர்கள் பாஷையில் சொல்பவரும் இல்லை.

அந்த நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், வெள்ளம் வடிந்தபின் தெருவில் எந்தக் கிணற்றை முதலில் இறைப்பது என்பதையும் இப்போதே முடிவு செய்து எழுதி வைக்கலாம். மேடான இடத்தில், தொட்டிகளுக்குத் தூரத்தில், கயிறும் வாளியும் கொண்டு இறைக்கக் கூடிய கிணறாக அது இருக்க வேண்டும். கிணற்றுக்காரரிடம் முன்கூட்டியே சம்மதம் வாங்கி, எண்ணெய் இஞ்சின் பம்பு ஒன்று யாரிடம் இரவலாகக் கிடைக்கும் என்றும் விசாரித்து வைத்தால், வெள்ளம் வடிந்த மூன்றாம் நாள் அந்தத் தெருவுக்கு நல்ல தண்ணீர் கிடைக்கும்.